காது கேட்காத பதினோரு நாய்கள்

அந்தப் பேச்சு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறந்த ஐந்தாவது நிமிடம் தொடங்கியது. மூன்று மாடி ஏறிய களைப்போடு கியோகா என்ற பெண்மணி உள்ளே வந்து, கைக்குட்டையில் சுற்றிய எதையோ மேசைமேல் வைத்துப் பிரித்தார். எலுமிச்சம்பழ அளவில் ஓர் இளஞ்சிவப்புப் பந்து.

"ஃப்ரிட்ஜுக்கு அடியில கெடந்துச்சு. போன வாரம் நாயக் கொடுத்தப்ப பந்து இல்லேன்னு வெலையக் கொறச்சீங்களே, அந்தப் பந்து."

கடையில் விலை வைக்கும் பெண்மணி நாகுமோ தோகியே அதை வெளிச்சத்தில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், பிறகு முகர்ந்தார். கீறல் இல்லை, சாஸ் வாசனை மட்டும் இருக்கிறது, பந்துக்கு உண்டான தொகையைத் தந்துவிடுகிறேன் என்றார்.

"காசுக்கு வரல. அதுக்குப் பந்து இல்லேன்னா பொழுதே போகாது. நல்ல எடத்துக்குத்தான போச்சு?"

"உதிரி பாகத்துக்குப் போயிருக்கு. காது கேக்காத நாயை வேற யாரு வாங்குவா?"

"யாருக்குக் காது கேக்கல?"

"உங்க நாய்க்குத்தான். ரசீதுலயே எழுதியிருந்தேனே."

"போன்தாவுக்கா? அடுப்படியில எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுறப்ப கூப்பிட்டாக்கூட ஓடி வருமே. எங்க வீட்டுக்காரருக்குத்தான் காது கேக்காது. நீங்க ஆள மாத்திப் போட்டுட்டீங்க."

"நீங்க டீ குடிக்கப் போனப்ப அஞ்சு தடவ கூப்பிட்டுப் பாத்தேன். காது வெளக்குகூட எரியல."

"எப்பிடிக் கூப்பிட்டீங்க?"

தோகியே நிமிர்ந்து நின்று, கைகளைக் கோத்துக்கொண்டு, கூப்பிட்டுக் காட்டினார். கியோகா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதென்ன, அடுத்த ஸ்டேஷன்ல கதவு எடது பக்கம் தெறக்கும்னு சொல்ற மாதிரி இருக்கு. இப்பிடிக் கூப்பிட்டா நானே திரும்பமாட்டேன்."

"அப்ப நீங்க எப்பிடிக் கூப்பிடுவீங்க?"

"எப்பிடின்னா, எல்லாரும் கூப்பிடற மாதிரிதான். 'டேய், எங்கடா போய்த் தொலஞ்ச, ஓடியா ஓடியா'ன்னு."

தோகியே பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். நான் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கடை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒசாகாவின் நிப்பொன்பாஷியில், மின்சாமான் கடைகளுக்குப் பின்தெருவில் இருக்கிறது எங்கள் கடை. பழைய மின்னணு பொம்மைகளை வாங்கி விற்கிறோம். அதிலும் பேர் போனது ரோபோ செல்லப் பிராணிகள்: கண் சிமிட்டும் ஆந்தை, மீசை ஆட்டும் பூனை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொமாரு என்ற நாய். இருபது வருடத்துக்கு முன் வந்த அந்த நாய்க்குப் பின்னங்கால் பல்சக்கரம் விரிசல் விடுவது ஒன்றுதான் குறை. மற்றபடி நடக்கும், பந்தைத் துரத்தும், வாலை ஆட்டும், சொன்னால் உட்காரும். விற்க வருகிற ஒவ்வொன்றுக்கும் விலை வைப்பவர் தோகியே. வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்குக் கடிதம் எழுதி, பெட்டி கட்டி அனுப்புவது என் வேலை.

தோகியே விலை வைக்கும் விதத்தைப் பார்க்கவே சிலர் வருவார்கள். முதலில் முகர்வார். சிகரெட் பிடிக்கும் வீட்டில் இருந்த நாய்க்கு அங்கேயே ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பிறகு தன் வெள்ளைத் தேநீர்க் கோப்பையைப் பக்கத்தில் வைத்து, பிளாஸ்டிக் எவ்வளவு மஞ்சள் அடித்திருக்கிறது என்று பார்ப்பார். வயிற்றுத் திருகுகளின் தலையில் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இருக்கிறதா என்று தடவுவார். நடக்கவிட்டு, அதன் முதுகில் கன்னத்தை வைத்து இடுப்புச் சத்தத்தைக் கேட்பார். கடைசியில் அட்டை எழுதுவார். எங்கள் ஊர்க் கடைகளில் குறையை ஒளிக்கிற வழக்கம் கிடையாது, மயிரிழைக் கீறலையும் எழுதிவிடுவோம். தோகியே அதற்கும் ஒரு படி மேலே போவார். 'வாலில் பல் தடம், குழந்தையுடையது' என்று எழுதுவார். 'சோபாவில் இருந்து மூன்று முறையாவது விழுந்திருக்கிறது, அழவில்லை' என்றும் எழுதியிருக்கிறார். அந்த அட்டைக்காகவே நாயை வாங்கிய ஒரு பல் மருத்துவரை எனக்குத் தெரியும்.

முக்கியமான ஒரு வேலையாவது செய்யாத பொம்மைக்கு 'ஜங்க்' என்று எழுதித் தனி அலமாரியில் வைப்போம். ஜங்க் வாங்கினால் திருப்பித் தர முடியாது, புகாரும் சொல்ல முடியாது. நன்றாக இருக்கும் கொமாரு எண்பதாயிரம் யென் போகும். ஜங்க் என்றால் ஏழாயிரம்.

காது கேட்கிறதா என்று பார்ப்பதுதான் கடைசிச் சோதனை, தோகியேவின் பெருமையும் அதில்தான் இருந்தது. அவர் இருபது வயதில் ஷின்சாய்பாஷியில் ஒரு பெரிய பலமாடிக் கடையில் லிஃப்ட் பணிப்பெண்ணாகச் சேர்ந்தவர். அங்கே மூன்று மாதம் பேச்சுப் பயிற்சி. ஒசாகாக்காரி என்று ஒரு எழுத்தில்கூடத் தெரியக்கூடாது, தோக்கியோ வானொலி மாதிரி இருக்க வேண்டும். லிஃப்ட் தானாக ஓடத் தொடங்கியதும் அவரைப் பொம்மை மாடிக்கு மாற்றினார்கள். கொமாரு முதன்முதலில் வந்தபோது அதைக் கூப்பிட்டுக் காட்டி விற்றவர் அவர்தான். அந்த மாடியையும் மூடிய பிறகு எங்கள் கடைக்கு வந்தார்.

வீட்டில், தெருவில், எங்களிடம் எல்லாம் அவர் பேசுவது பச்சை ஒசாகாப் பேச்சு. டாக்ஸி ஓட்டும் தம்பியோடு குடியிருக்கிறார். அவனைத் தொலைபேசியில் திட்டினால் கீழ்மாடிக் கடைக்காரர் சிரிப்பது கேட்கும். ஆனால் நாய் முன்னால் நின்றதும் முதுகு நிமிர்ந்துவிடும், குரல் மாறிவிடும். தமிழில் சொல்வதென்றால், எல்லோரையும் 'வாடா, போடா' என்கிற ஒருவர் நாயிடம் மட்டும் 'தயவுசெய்து இங்கே வரவும்' என்பது போல. கடையில் எல்லோரும் அதைக் கேட்டுப் பழகியிருந்தோம். அதில் தப்பு இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

தப்பு இதுதான். கொமாரு முதல் நூறு நாளில் வீட்டுக்காரர்களின் பேச்சுக்குத் தன் காதைப் பழக்கிக்கொள்ளும். அது கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது, பொம்மை மாடியில் ஒரு நாளைக்கு இருபது தடவை தோகியேவே அதை வாடிக்கையாளர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். கியோகா குடும்பத்துக்கு தைஷோ பக்கம் ஒகோனோமியாகி கடை. முட்டைக்கோஸ் அடையைக் கல்லில் திருப்பிப் போட்டுக்கொண்டே அவரும், அவர் கணவரும், பியர் குடிக்க வருகிறவர்களும் பதினெட்டு வருடம் ஒசாகாப் பேச்சில் கூப்பிட்டு வளர்த்த நாய் அது. வீட்டுக்கு நிஜப் பூனை ஒன்று வந்து, நாயின் தலையில் இரண்டு தடவை ஒன்றுக்குப் போய்விட்டதால் விற்க வந்திருந்தார். அதற்குத் தோக்கியோ பேச்சு அந்நிய பாஷை.

"யாரு வாங்கிட்டுப் போனது?" என்று கியோகா கேட்டார்.

புதன்கிழமை ஹாமுரா என்பவர் வாங்கிப் போயிருந்தார். ஃபுசேயில் லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர், வீட்டில் ஏழு கொமாரு வைத்திருப்பவர். மூன்றாம் நம்பர் நாய்க்குப் பின்னங்கால் பல்சக்கரம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அன்றைக்குத்தான் பிரிப்பேன் என்று மேசைமேல் காசை வைக்கும்போதே சொல்லியிருந்தார். பிரித்ததும் உள்ளே இருக்கும் நினைவு அட்டையை அழித்துவிடுவது அவர் வழக்கம். அழித்த அட்டையைத் தனியாக விற்கலாம். அது போனால் பதினெட்டு வருடக் கூப்பாடும் போய்விடும்.

நான் ஹாமுராவுக்குத் தொலைபேசியில் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திருகு கழற்றும்போது அவர் தொலைபேசியைத் தொடமாட்டார் என்று தோகியே சொன்னார். தன்னோடு வரும்படி கியோகாவைக் கெஞ்சிப் பார்த்தார். மதியக் கூட்டம் வந்துவிடும், கல் சூடாக வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டார். வாசல்வரை போய்த் திரும்பி, "கூப்பிடறப்ப கொஞ்சம் கோவமா கூப்பிடுங்க. பாசமா கூப்பிட்டா அது யாரோன்னு நெனச்சுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஹாமுராவின் முகவரி பொட்டலம் அனுப்பிய வகையில் எனக்குத் தெரியும் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டு தோகியே கிளம்பினார். முதலாளியிடம் காரணம் சொன்னபோது ஒன்றையும் மறைக்கவில்லை. "பதினேழு வருஷத்துல மொத தடவையா தப்பா அட்ட எழுதியிருக்கேன். அத வாங்கிட்டு வரணும்" என்றார். முதலாளி ஜங்க் விதியை நினைவுபடுத்தினார். "வாங்குனவங்க புகார் சொல்லக் கூடாதுன்னுதான விதி. எழுதுனவ சொல்லலாம்ல" என்று பையை எடுத்துக்கொண்டார்.

ஃபுசே பத்து நிமிட ரயில். அந்தப் பத்து நிமிடமும் தோகியே ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தபடி உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பள்ளிக்கூடப் பெண்கள் இருவர் அவரைப் பார்த்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அவர் பையிலிருந்து மிட்டாய் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்து, "நாயோட பேசப் பழகிக்கிட்டிருக்கேன், கண்டுக்காதீங்க" என்றார். அவர்கள் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை, கவலையோடு பார்த்தார்கள்.

ஹாமுரா கதவைத் திறந்தபோது நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார். உள்ளே, தாழ்ந்த மேசையில் விரித்த துண்டின்மேல் போன்தா. இரண்டு பின்னங்கால்களும் தனியாகக் கிடந்தன. கழற்றிய திருகுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்திருந்தார். வயிற்று மூடி இன்னும் திறக்கவில்லை. தோகியே முதலில் பார்த்தது அதைத்தான். செருப்பைக் கழற்றி வைத்து, இடுப்பு வளைய வணங்கி, தன் தப்பைச் சொன்னார்.

ஹாமுரா நெற்றி விளக்கை அணைத்தார். ஐம்பது வயது மனிதர், விரல் நகங்களில் இரும்புத்தூள். மேசையடியிலிருந்து எங்கள் கடை அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது யாரு கையெழுத்து?"

"என்னோடது."

"'காது கேட்காது. இரண்டு காதும். உறுதி.' உறுதின்னு கீழ கோடு வேற போட்டிருக்கீங்க. பதினேழு வருஷமா உங்க அட்டைய நம்பித்தான் நான் வாங்கறேன். இன்னைக்கு நீங்களே வந்து நம்பாதேங்கறீங்க."

"ஆமா. நம்பாதீங்க."

"மூணாம் நம்பர் ஒரு வருஷமா நொண்டிக்கிட்டு இருக்கு. அதுக்கு என்ன பதில்?"

தோகியே மூன்றாம் நம்பரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். நகர்ந்து வந்தால் கால்களைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். வராவிட்டால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். ஹாமுரா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, காபி குடித்து முடிக்கிறவரை நேரம் என்றார். சுவரோரம் ஏழு நாய்களும் சார்ஜரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

நாயைத் தரையில் இறக்கிவிட்டு முதுகுப் பொத்தானை அழுத்தினார்கள். கண் எரிந்தது. தோகியே அதன் எதிரில் நின்றார். முதுகு நிமிர்ந்தது, கைகள் கோத்துக்கொண்டன. ரயிலில் பழகியது எல்லாம் போய், லிஃப்ட் குரல்தான் வந்தது. "போன்தா, தயவுசெய்து இங்கே வரவும்."

நாய் சும்மா கிடந்தது. ஹாமுரா ஒரு மிடறு குடித்தார்.

இன்னொரு தடவை முயன்றார். இன்னும் தெளிவாக, இன்னும் மரியாதையாக வந்தது. அந்த அறையில் மூன்று பேர் இருக்கிறோம் என்பதுதான் அவரைக் கட்டிப் போட்டது என்று நினைக்கிறேன். முப்பத்தேழு வருடமாக, பிறர் பார்க்க நிமிர்ந்து நின்றால் அந்தக் குரல்தான் வந்திருக்கிறது. ஹாமுராவின் கோப்பையில் பாதி இறங்கிவிட்டது. தோகியே திரும்பி என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கைகளைப் பிரித்து, இடுப்புப் பட்டையைத் தளர்த்தி, தொப்பென்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், எங்கடா போய்த் தொலஞ்ச? சோறு ஆறிப்போகுது, ஓடியாடா!"

தம்பியைக் கூப்பிடுகிற அதே குரல்.

இரண்டு காதுகளிலும் பச்சை விளக்கு எரிந்தது. போன்தா தலையைத் தூக்கி, இல்லாத பின்னங்கால்களை ஊன்றப் பார்த்து, முடியாமல், முன்னங்கால் இரண்டையும் வைத்துத் தரையைத் துழாவித் துழாவி நகர்ந்தது. நேராக வர முடியவில்லை. வட்டம் போட்டு வட்டம் போட்டு, வாலை ஆட்டிக்கொண்டே தோகியேவின் முதுகில் வந்து முட்டியது. அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே முட்டிக்கொண்டிருக்க விட்டார்.

ஹாமுரா கோப்பையை வைத்துவிட்டு மூன்றாம் நம்பருக்கு முன்னால் போய்க் குந்தினார். "ஏய், வாடா இங்க" என்றார். அது தலையைச் சாய்த்து அவரை யாரோ போலப் பார்த்தது. மற்ற ஆறும் அப்படியே பார்த்தன. அவர் பின்தலையைச் சொறிந்தார்.

"நானும் இதுங்ககிட்ட இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் மாதிரிதான் பேசறேன். வெளம்பரத்துல அப்பிடித்தான கூப்பிட்டாங்க. பதினஞ்சு வருஷமா எங்க வீட்டுக்குள்ள எட்டு பேரும் மரியாதையா இருந்திருக்கோம்."

அதற்குப் பிறகு காரியம் வேகமாக நடந்தது. முட்டை அட்டையிலிருந்து திருகுகளை வரிசை மாறாமல் எடுத்துக் கால்களை மாட்டினார். மூன்றாம் நம்பருக்குப் பட்டறையில் பித்தளையில் தானே பல்சக்கரம் கடைந்துவிடுவதாகச் சொன்னார், இவ்வளவு நாள் சோம்பல்தான் காரணமாம். நாயைத் திருப்பித் தரமாட்டேன், ஆனால் காது கேட்கிற நாய்க்கு ஏழாயிரம் கொடுத்தேன் என்று இருக்க முடியாது, புது அட்டை எழுதுங்கள் என்றார். கியோகாவுக்குப் பூனை இருப்பதால் தோகியே ஒப்புக்கொண்டார். மீதித் தொகை தைஷோவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஆனால் அட்டை எழுத அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. வண்ணம், கீறல், சாஸ் வாசனை, பூனை என்று எழுதிக்கொண்டே வந்தவர் காதுக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிக்கொண்டார். ஒசாகாப் பேச்சு மட்டும் கேட்கும் நாய்க்கு விலை கூடுமா, குறையுமா? தோக்கியோவில் இருந்து வாங்குகிறவருக்கு அது செவிடுதான். இங்கே உள்ளவருக்கு அப்படி ஒன்று இன்னொரு கடையில் கிடைக்காது. அவரே பல தடவை சொல்லியிருக்கிறார், ஒரு வீட்டில் பழகி வளர்ந்த நாய்க்கு விலை குறைவு, நினைவு அழித்துக் குட்டியாக இருப்பதற்குத்தான் விலை என்று. கடைசியில் எண்பதாயிரத்துக்கு மேல் ஐயாயிரம் போட்டார். பந்து கைக்குட்டையோடு அவர் பையில் இருந்தது, அதையும் கொடுத்தார். ஹாமுரா ஐயாயிரம் ஏன் என்று கேட்டார். "பேசக் கத்துக் குடுத்த கூலி" என்றார் தோகியே. ஹாமுரா பேரம் பேசவில்லை. கிளம்பும்போது அவருக்கும் ஒரு மிட்டாய் கிடைத்தது.

திரும்பி வரும் ரயிலில் அவர் விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். தப்பைச் சரி செய்துவிட்ட நிம்மதி இருக்கும் என்று நினைத்தேன். நிப்பொன்பாஷி நெருங்கும்போதுதான், "ஜங்க் அலமாரியில காது கேக்காதுன்னு எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

பதினொன்று.

மறுநாள் கடை திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, பதினொன்றையும் சார்ஜரில் போட்டு, தரையில் வரிசையாக உட்கார வைத்தார். தானும் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கத்தினார். முதல் கத்தலில் இரண்டு நாய்கள் எழுந்தன. சாகாய்ப் பக்கத்து மீனவர் பேச்சில் ஒருதரம் கத்தினார், இன்னொன்று எழுந்தது. கியோதோவில் பேசுவது போல, குத்தலை மரியாதையில் சுற்றிக் கூப்பிட்டதற்கு ஒன்று மெல்லத் தலையை மட்டும் திருப்பியது. எழுந்தவற்றின் அட்டைகளைக் கிழித்துப் போட்டார்.  விற்றுப் போனவற்றின் பழைய அட்டை நகல்கள் இருக்கும் பெட்டியைத் தன் மேசைக்கு எடுத்து வந்து வைத்துக்கொண்டார், அன்றிலிருந்து மதிய உடோன் நூடுல்ஸுக்குப் பிறகு, வாங்கிப் போனவர்களில் ஒரு நாளைக்கு இரண்டு பேருக்குத் தொலைபேசியில் பேசுகிறார். மேசையில் அவருக்கு இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது.

அன்று காலை கடைசியாக மிஞ்சியவற்றில் ஆறு நிஜமாகவே செவிடு, உள்ளே கம்பி அறுந்தவை. ஏழாவதில் கம்பி சரியாகவே இருந்தது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு, பெட்டி கட்டிக்கொண்டிருந்த என் பக்கம் வந்தார். கோபேயில் கித்தானோ மலைச்சரிவில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்தது அது, அடிவயிற்றில் ஒட்டிய காகிதத்தில் வீட்டுக்காரர் பெயர் பாதி அழிந்திருந்தது. அந்தச் சரிவில் முத்து வியாபாரத்துக்கு வந்த நம்மூர்த் தமிழ்க் குடும்பங்களும் இருப்பதும், அப்படி ஒரு வீட்டில் நான் பிறந்து வளர்ந்ததும் அவருக்குத் தெரியும். நான்கு வருடத்தில் என் வீட்டு மொழியில் ஒரு சொல் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டதில்லை, நானும் கடையில் அதைப் பேசியதில்லை. நாயை என் மேசைமேல் வைத்து, காதைத் துடைத்துவிட்டு, ஓர் அடி தள்ளி நின்றார்.

"அகி-சான், எனக்குத் தெரிஞ்சத எல்லாம் பேசிப் பாத்தாச்சு. உங்க வீட்டு பாஷையில நீ ஒரு தடவ கூப்பிட்டுப் பாரேன். மெதுவா வேணாம். அடுப்படியில இருந்து கூப்பிடற மாதிரி."